கீறல் இல்லாத ஃபில்டர்

"இது என்னுது இல்லம்மா. வையி கீழ."

கருத்தக்கண்ணன் ஃபில்டரை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கி உருட்டி உருட்டிப் பார்த்தார். கைக்கு அடக்கமான பிளாஸ்டிக் குழல். உள்ளே நூல் நூலாக வெள்ளை. இரண்டு முனையிலும் நீல மூடி. அவர் உடம்பிலிருக்கும் ரத்தம் முழுக்க இதற்குள் போய் அழுக்கை விட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். ஒட்டியிருந்த சீட்டில் அவர் பெயர்தான் இருந்தது. கட்டில் எண்ணும் சரியாக இருந்தது. அவர் சீட்டைப் பார்க்கவில்லை, கீழ் மூடியைப் பார்த்தார்.

டெக்னீசியன் பவதாரிணி கையுறை போட்ட இரண்டு கைகளிலும் டியூபை வைத்துக்கொண்டு நின்றாள்.

"பேரு போட்டிருக்குல்லப்பா. குடுங்க. ஒங்களை முடிச்சாத்தான் அடுத்த ஷிப்ட்டு ஆளுகளைப் படுக்க வைக்க முடியும்."

"பேரை யாரு வேணும்னாலும் எழுதலாம்."

அந்த டயாலிசிஸ் மையத்தில் ஒருவருக்குப் போட்ட ஃபில்டரைக் கழுவி, மருந்து ஏற்றி, அவர் பெயரிலேயே எடுத்து வைத்து, தேயும் வரை அவருக்கே போடுவார்கள். கழுவும் அறைக் கதவு எப்போதும் சாத்தியிருக்கும். போன வெள்ளிக்கிழமை பவதாரிணி பிளாஸ்திரி எடுக்கப் போன நேரத்தில், கருத்தக்கண்ணன் மொபெட் சாவியால் கீழ் மூடியில் குறுக்கும் நெடுக்குமாக ஒரு கீறல் போட்டு வைத்திருந்தார். தேங்காய் வியாபாரத்தில் அது வழக்கம். நாலு தோப்புக் காய் ஒரே லாரியில் ஏறும்போது, தோப்புக்கு ஒரு அடையாளம் வைத்தால்தான் மண்டியில் இறக்குகிறவன் நல்ல காயை எடுத்துக்கொண்டு சொத்தையைத் தள்ளிவிட மாட்டான். இப்போது கையில் இருந்த மூடி வழுவழுவென்று இருந்தது.

"நான் போட்ட கீறல் எங்க?"

பவதாரிணிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கதவுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குனிந்தாள்.

"அப்பா, சத்தம் போடாதீங்க. பழசு இன்னும் கொஞ்ச நாள் ஓடும். ஆனா ஒங்களுக்குப் பொட்டாசியம் ரெண்டு தடவையா ஏறிக் கெடக்கு. அதான் புதுசு ஒண்ணைப் பிரிச்சுப் போட்டேன். நல்லா இழுக்கும்."

"எல்லாருக்கும் போட்டியா?"

"இல்ல. ஒங்களுக்கு மட்டும்தான்."

"எனக்கு மட்டும் எதுக்கு?"

அவள் டியூபைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "பாவமா இருந்துச்சு."

அதோடு கருத்தக்கண்ணனுக்குச் சந்தேகம் உறுதிப்பட்டது. இத்தனை வருட வியாபாரத்தில் பாவம் பார்த்து அவருக்கு யாரும் புதுசு கொடுத்ததில்லை. அவரும் கொடுத்ததில்லை. ஒரு பொருளை ஒருத்தன் ரகசியமாகத் தருகிறான் என்றால் வேறொரு பொருளை ரகசியமாக எடுத்துவிட்டான் என்றுதான் அவருக்குப் படும்.

பக்கத்துக் கட்டிலில் உமர் பாரூக் ஏற்கெனவே மெஷினில் இணைக்கப்பட்டு, முகத்தில் துண்டைப் போட்டுப் படுத்திருந்தார். தெற்குவாசலில் பெல்ட், பர்ஸ் கடை வைத்திருப்பவர். வீடு வில்லாபுரம். துண்டுக்கு உள்ளிருந்து குரல் வந்தது.

"அண்ணே, புதுசு குடுத்தா வாங்கி மாட்டிக்கிட்டுப் படுங்க. என் ஃபில்டரெல்லாம் எங்க வாப்பா கல்யாணத்துக்கு வாங்குன சாமான் மாதிரி இருக்கு. ஒங்களுக்கு வேணாம்னா இங்கிட்டுத் தள்ளுங்க."

இரண்டு மூன்று கட்டில்களில் சிரித்தார்கள். கருத்தக்கண்ணன் சிரிக்கவில்லை. "பெரிய மேடத்தைக் கூப்புடு" என்றார், அறை முழுக்கக் கேட்கும்படி.

மையத்தின் பொறுப்பாளர் ஜெயக்கொடி வந்தாள். குப்பைக் கூடையிலிருந்து புது ஃபில்டரின் உறையை எடுத்துக் காட்டினாள். அதன் மேல் இருந்த எண்ணையும் ஃபில்டரில் இருந்த எண்ணையும் ஒப்பிட்டுக் காட்டினாள். அவர் பார்த்தார், தலையாட்டினார், படுத்துக்கொண்டார். உறையைக் கூடையில் யார் வேண்டுமானாலும் போடலாம் என்று நினைத்துக்கொண்டார். ஊசி போட்டு முடித்த பிறகு ஜெயக்கொடி பவதாரிணியை வெளியே கூட்டிப்போய், "யாரைக் கேட்டுப் புதுசு பிரிச்ச?" என்று கேட்டது கதவு வழியாக அவர் காதில் விழுந்தது. பவதாரிணி சொன்ன பதில் கேட்கவில்லை. கேட்காமல் போனதையும் அவர் மனத்தில் குறித்து வைத்துக்கொண்டார்.

அவருக்கு அப்போது இருந்த பயம் ஒன்றே ஒன்றுதான். பொட்டாசியம் மூன்றாவது தடவையும் ஏறினால் இந்தக் கட்டில் போய்விடும். ஜெயக்கொடி போன வாரம் அதைத் தெளிவாகச் சொல்லியிருந்தாள்.

"இங்க நெஞ்சு டாக்டர் கெடையாது, அவசரத்துக்கு ஐசியூ கெடையாது. பொட்டாசியம் ஏறுனா ஹார்ட்டு பட்டுன்னு நின்னுரும். மறுபடியும் ஏறுச்சுன்னா பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக் குடுத்துருவேன். நீங்க எளநி குடிக்கிறதை நிறுத்துற வழியப் பாருங்க."

"நான் எளநி குடிக்கிறதில்லம்மா."

"தேங்கா யாவாரி எளநி குடிக்கலைன்னா யாரு நம்புவா?"

பெரியாஸ்பத்திரியில் வரிசை எத்தனை நீளம் என்பது அவருக்குத் தெரியும். அங்கே இடம் கிடைக்கும் வரை தனியாரிடம் போக வேண்டும். தனியாரிடம் ஒரு வருடம் போய்விட்டுத்தான் இங்கே வந்திருந்தார்.

கருத்தக்கண்ணன் வாடிப்பட்டிக்கு மேற்கே ஒரு கிராமத்தில் பிறந்தவர். அப்பாவுக்கு ஆற்றுப் பாசனத்தில் கொஞ்சம் நெல், கொஞ்சம் தென்னை. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டுக் காய் வெட்டுகிற ஆட்களோடு போனார். பிறகு தோப்புகளைக் குத்தகைக்குப் பேசி, காய் வெட்டிப் போட்டு, மதுரை மண்டிக்கு அனுப்பும் வியாபாரத்தைப் பிடித்தார். தட்டிப் பார்த்துக் காயின் பருவம் சொல்வார். அவர் காயை அவரைத் தவிர யாரும் எண்ணக் கூடாது. மகன் அழகுராஜா வளர்ந்து தோப்புக்கு வந்த நாட்களிலும், அவன் எண்ணி முடித்த குவியலை ஒரு தரம் திரும்ப எண்ணுவார். "என்னைய நம்பலைன்னா எதுக்கு வரச் சொல்றீக?" என்று ஒரு நாள் அவன் கோணியை உதறிப் போட்டுவிட்டு ஓசூருக்குக் கம்பெனி வேலைக்குப் போனான்.

லாரியில் மூட்டை ஏற்றி ஏற்றி இடுப்பு வலி. அதற்கு மருந்துக் கடையில் ஒரு மாத்திரை வாங்கி வருடக்கணக்கில் போட்டார். டாக்டரிடம் போனால் தேவையில்லாமல் டெஸ்ட் எழுதுவான் என்பது அவர் எண்ணம். ஒரு ஐப்பசியில் முகம் வீங்கி, மூச்சு முட்டி, மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கொண்டு போய்ப் போட்டார்கள். இரண்டு கிட்னியும் சுருங்கிவிட்டது என்றார்கள். அவர் நம்பவில்லை. வேறொரு இடத்தில் ஸ்கேன் எடுத்தார். அங்கேயும் அதையே சொன்னார்கள். இரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டார்களா என்று விசாரிக்க மூன்றாவது இடத்துக்குப் போனார். அதற்குள் வாரத்துக்கு மூன்று தடவை மெஷினில் படுத்தால்தான் உயிர் என்றாகிவிட்டது.

ஒரு வருடத்தில் அப்பா வழித் தென்னந்தோப்பில் பெரும்பகுதி போயிற்று. வீட்டை ஒட்டிய கொஞ்சம் மரம்தான் மிச்சம். பிறகு அரசுக் காப்பீட்டு அட்டை வந்தது. அட்டையை வைத்து, பைபாஸ் ரோட்டில் ஒரு அறக்கட்டளை நடத்தும் இந்த மையத்தில் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார். ஒரு நாள் போன் வந்தது, கட்டில் காலி என்று. அதில் முன்னால் படுத்தவர் என்ன ஆனார் என்று அவர் கேட்கவில்லை. மெஷினுக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. ரத்தம் ஊறுவதற்கான ஊசி வெளியே வாங்க வேண்டும். பஸ், டெஸ்ட், துணைக்கு வருகிறவரின் சாப்பாடு, இவற்றுக்கு அழகுராஜா மாதா மாதம் அனுப்பினான். அனுப்பியதும் போனில் கூப்பிட்டுச் சொல்வான். அம்மாவிடம் மட்டும்.

பொட்டாசியம் ஏறத் தொடங்கியபோது எல்லோருடைய கண்ணும் அவர் மேல் திரும்பியது. மனைவி ரெங்கம்மாள் அவர் வெளியே போய் வந்தால் பக்கத்தில் வந்து மோந்து பார்த்தாள். ஊரில் இளநீர் வெட்டுகிற பையனிடம் ஆள் விட்டுக் கேட்டாள்.

"எம்புட்டுக் குடிச்சாருன்னு மட்டும் சொல்லுப்பா, நான் அவருகிட்டச் சொல்ல மாட்டேன்னு கேட்டியாமே?" என்று அவர் ஒரு நாள் கேட்டார்.

"கேட்டேன். அதுல என்ன?"

"அவன் என்ன சொன்னான்?"

"குடிக்கலைன்னான். நீங்க அவனுக்குக் காசு குடுத்து வச்சிருப்பீக."

அவரும் சும்மா இருக்கவில்லை. ரெங்கம்மாள் மேல் அவருக்கு வேறொரு சந்தேகம் பழையதாகவே இருந்தது. டயாலிசிஸ் தொடங்கிய முதல் வருடம் இரண்டு நடைக்கு நடுவில் உடம்பில் தண்ணீர் கூடி எடை ஏறிக்கொண்டே இருந்தது. உப்புத்தான் காரணம், உப்பைக் குறையுங்கள் என்றார்கள். ரெங்கம்மாள் குறைத்தேன் என்றாள். அவர் நம்பவில்லை. அவள் கை உப்புக் கை. கடைசியில் அவர் ஒரு முடிவு செய்தார். வீட்டில் அவருக்கு வடிக்கிற கஞ்சி, குழம்பு எதிலும் உப்பே போடக் கூடாது. காயை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்ட வேண்டும், அதை அவர் நின்று பார்ப்பார். உப்பை அவரே தட்டில் போட்டுக்கொள்வார். வாடிப்பட்டியில் புதிதாகத் திறந்த பெரிய கடையில் சோடியம் குறைந்த உப்பு என்று ஒரு பாக்கெட் விற்றார்கள். விலை மூன்று மடங்கு. அதை வாங்கித் தலைமாட்டில் வைத்துக்கொண்டார். பஸ்ஸுக்குக் கிளம்பும்போது ஒரு பொட்டலம் மடித்துப் பையில் எடுத்துக்கொள்வார். கல்யாண வீட்டிலும் அந்தப் பொட்டலம்தான். சோடியம் குறைவு என்பதால் ஒரு சிட்டிகை கூடப் போட்டாலும் பாதகமில்லை என்று கணக்குப் போட்டிருந்தார். பக்கத்துக் கட்டில் உமர் பாரூக்கிடமும் பொட்டலத்தைக் காட்டிச் சொன்னார்.

"பாய், பொம்பளைக கை அளவை நம்பாத. நம்ம உப்பை நம்மளே வச்சுக்கிறணும்."

"அண்ணே, எம் பொண்டாட்டி நோன்புக் கஞ்சிக்கே உப்பு போட மறந்துட்டா. அவகிட்ட எதைப் பிடுங்குறது?" என்று உமர் அப்போது சிரித்தார்.

ஆக, இளநீர் இல்லை, பழம் இல்லை, காய்த் தண்ணீர் இல்லை. அப்படியும் பொட்டாசியம் ஏறுகிறது என்றால் அழுக்கு சரியாக இறங்கவில்லை என்று அர்த்தம். சரியாக இறங்கவில்லை என்றால் ஃபில்டர் தன்னுடையது இல்லை. தேய்ந்துபோன எவனுடையதையோ தனக்கு மாட்டிவிட்டு, தன்னுடைய நல்லதைக் காசு கொடுக்கிற எவனுக்கோ மாட்டுகிறார்கள். மண்டியில் நடக்கிறதுதான். கீறல் காணாமல் போனதும் இந்தக் கணக்கில் ஒரு ஓட்டையும் இல்லை என்று ஆயிற்று.

வீட்டுக்கு வந்ததும் காப்பீட்டு அட்டையின் பின்னால் இருந்த எண்ணுக்குப் போன் போட்டார். ஒரு பெண் குரல் பெயரும் மையமும் கேட்டது. ஃபில்டரை மாற்றிப் போடுகிறார்கள், பவதாரிணி என்ற பெண், கேட்டால் ரகசியமாகப் பேசுகிறாள் என்று சொன்னார். ரெங்கம்மாள் அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்தப் புள்ள ஒங்களுக்கு நோகாம ஊசி போடும்னு நீங்கதான சொல்லுவீக?"

"ஊசி நல்லாப் போடுறவ மத்ததை நல்லாச் செய்வான்னு எழுதியா வச்சிருக்கு?"

"இருந்தாலும் பேரைச் சொல்லியிருக்க வேணாம்."

"பேரைச் சொல்லலைன்னா எவனைப் பிடிப்பான்?"

அடுத்த புதன்கிழமை பவதாரிணி இல்லை. விசாரணை முடியும்வரை வர வேண்டாம் என்று சொல்லியிருப்பதாக, எடை பார்க்கும் இடத்தில் யாரோ பேசிக்கொண்டார்கள். அவர் மெஷின் பக்கத்தில் சிவனாண்டி என்று புதிதாக ஒருவன் நின்றான். மூன்றாவது டெஸ்ட்டுக்காக முதலில் ரத்தம் எடுத்தான். பிறகு இடது கையில் ரத்தக் குழாயைத் தேடி ஊசியை ஏற்றினான். தவறிவிட்டது. வெளியே எடுத்து மறுபடியும் ஏற்றினான். முழங்கைக்குக் கீழே எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கிற்று. மூன்றாவது குத்து சரியாக விழுந்தது. கருத்தக்கண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு அவன் முகத்தையே பார்த்தார். வேண்டுமென்றே செய்கிறானா, பவதாரிணிக்கு வேண்டியவனா என்று.

வாரம் ஒருமுறை வரும் டாக்டர் அன்று வந்தார். உமர் பாரூக்கின் கட்டிலில் நின்றார். உமரின் மனைவி சுல்தான் பீவி டிபன் பையை வயிற்றோடு பிடித்தபடி தலைமாட்டில் நின்றிருந்தாள்.

"போன மாசம் வரைக்கும் நல்லா இருந்துச்சே. பொட்டாசியம் ஏன் இம்புட்டு ஏறியிருக்கு? பேரீச்சம்பழமா?"

"இல்ல டாக்டர். பழமே வீட்டுல வாங்குறதில்ல" என்றாள் சுல்தான் பீவி.

"காய்த் தண்ணி?"

"கொட்டிர்றேன்."

"வேற என்ன புதுசா சேத்தீங்க?"

அவள் யோசித்தாள். "புதுசா ஒண்ணுமில்ல. காலு வீங்குதுன்னு உப்பை மாத்துனோம். நல்ல உப்பு டாக்டர். சோடியம் கம்மி, வெல கூட."

டாக்டர் கையிலிருந்த பேனாவை மூடினார்.

"சோடியத்தை எடுத்துட்டு அந்த எடத்துல என்ன வச்சிருக்கான்னு நெனச்சீங்க? பொட்டாசியம். தென்னைக்கு வைக்கிற பொட்டாஷ் உரம் தெரியும்ல, அதேதான், சுத்தம் பண்ணுனது. கிட்னி வேலை செய்யுறவன் திங்கலாம். இவருக்கு அது வெஷம். யாரு இதை வாங்கச் சொன்னா?"

உமர் பாரூக் கழுத்தைத் திருப்பிப் பக்கத்துக் கட்டிலைப் பார்த்தார். ஒரு நொடிதான். பிறகு விட்டத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"செல்லுல ஏதோ வீடியோ வந்துச்சு டாக்டர்."

கருத்தக்கண்ணனின் பை காலடியில் இருந்தது. பொட்டலம் அதற்குள் இருந்தது. அவருக்கு முதலில் தோன்றியது, இது தனக்காகப் போடுகிற நாடகம் என்பது. டாக்டரும் ஜெயக்கொடியும் பேசிவைத்துக்கொண்டு, பாயையும் சேர்த்துக்கொண்டு, பழியைத் தன் தலையிலேயே கட்டப் பார்க்கிறார்கள். அதைப் பல பக்கமாகவும் உருட்டிப் பார்த்தார். ஆனால் பொட்டாஷ் என்ற சொல் நகர மறுத்தது. எத்தனையோ வருடம் மழைக்கு முன்னால் தென்னை அடியில் வட்டம் தோண்டி அவர் கையாலேயே வைத்த உரம். மூட்டை பிரிக்கும்போது பறக்கும் தூசி நாக்கில் பட்டால் ஒரு கசப்பு இருக்கும். தலைமாட்டு உப்பிலும் அந்தக் கசப்பு இருந்தது. விலை கூடின சரக்கு இப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தார்.

டாக்டர் அவர் கட்டிலுக்கு வந்தபோது கண்ணை மூடித் தூங்குவதுபோல் கிடந்தார். டாக்டர் சீட்டைப் பார்த்துவிட்டு, "ரிசல்ட் வரட்டும், பாத்துக்குவோம்" என்று அடுத்த கட்டிலுக்குப் போனார்.

மெஷின் முடிந்து கையை அமுக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தபோது, சுல்தான் பீவி ஆட்டோ பிடிக்க ரோட்டுக்குப் போயிருந்தாள். உமர் பாரூக் வாசல் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"ஒக்காருங்கண்ணே. கை என்ன, பூசணிப் பிஞ்சு மாதிரி இருக்கு?"

"புதுசா வந்தவன் குத்திட்டான்."

"பழைய ஆளை நீங்கதான அனுப்பி வச்சீங்க."

கருத்தக்கண்ணன் உட்காரவில்லை.

"ஒங்க பேரை நான் சொல்லலை" என்றார் உமர்.

"எதுக்குச் சொல்லலை?"

"பாருங்க. அதுக்கும் சந்தேகம். சொல்லியிருந்தா எதுக்குச் சொன்னேன்னு கேப்பீங்க. ஒங்க நாக்கை என்னண்ணே செய்யுறது?"

"ஒனக்கு எதுவும் ஆகியிருந்தா?"

"ஆகியிருந்தா எம் பொண்டாட்டி வாடிப்பட்டிக்கு வந்து ஒங்க தென்னமரத்துலயே ஒங்களைக் கட்டி வச்சிருப்பா." உமர் சிரித்துவிட்டு, சிரிப்பை நிறுத்தினார். "நீங்களே போயி மேடத்துக்கிட்டச் சொல்லிருங்க. ரிசல்ட் நாளைக்கு வந்துரும். எதனாலன்னு தெரியாம ஏறுனாத்தான் வெளிய தள்ளுவாக. உப்புன்னு தெரிஞ்சா வச்சுக்குவாக. என்னைய வச்சுக்கிட்டாகல்ல?"

"நீ சொல்லிருவியா?"

"நான் எதுக்குச் சொல்றேன்?"

ஆட்டோ வந்தது. சுல்தான் பீவி உள்ளே இருந்து, "அண்ணே, கையில ஐஸு வைங்க" என்றாள். அவளுக்கு உப்பு யார் சொன்னது என்று தெரியுமா, தெரியாதா என்று முகத்தைப் பார்த்தார். கண்டுபிடிக்க முடியவில்லை. தெரிந்தால் அவள் சும்மா இருக்க மாட்டாள். வீட்டுக்குப் போனதும் புருஷனிடம் கேட்பாள். அவன் சொல்லுவான். அவள் விடிந்ததும் ஜெயக்கொடிக்குப் போன் போடுவாள். அதற்கு முன்னால் போய்விட வேண்டும்.

பஸ்ஸில் ரெங்கம்மாள் ஜன்னலோரம் உட்கார்ந்து அவர் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். நாளைக்குக் காலையில் முதல் பஸ்ஸுக்கு மறுபடியும் வர வேண்டும் என்றார்.

"நாளைக்கு நமக்கு நாள் இல்லையே."

"கையைக் காட்டணும்."

"இன்னைக்கே காட்டியிருக்கலாம்ல?"

"இன்னைக்குத் தோணலை."

அவள் அவரைத் திரும்பிப் பார்த்துவிட்டு, சமயநல்லூர் வந்தபோது, "எங்கிட்ட எதை மறைக்கிறீக?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்ல" என்றார். அவள் அதை நம்பவில்லை என்பது அவருக்குத் தெரிந்தது.

மறுநாள் வியாழக்கிழமை. கை முழங்கை வரை கறுத்திருந்தது. ரெங்கம்மாள் கஞ்சி கொடுத்தாள். உப்புப் போடாமல் குடித்தார். முதல் பஸ் நேரத்துக்கு வந்தது. மையத்தில் ஜெயக்கொடி இருந்தாள். சிவனாண்டியைக் கூப்பிட்டுக் கையைப் பார்க்கச் சொன்னாள். ரத்தக் குழாயில் ஓட்டம் இருக்கிறது, வீக்கம் வற்றும்வரை மேல் பக்கத்தில்தான் குத்த வேண்டும் என்றான்.

ரிசல்ட் வந்திருந்தது. மூன்றாவது தடவையும் ஏறியிருந்தது. பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பும் சீட்டை ஜெயக்கொடி எடுத்து மேசைமேல் வைத்திருந்தாள். கருத்தக்கண்ணன் உப்பைப் பற்றிச் சொன்னார். எங்கே வாங்கியது, எத்தனை மாதமாகப் போடுவது, ஒரு வேளைக்கு எவ்வளவு என்று கேட்டதற்கெல்லாம் சொன்னார். ரெங்கம்மாள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். ஜெயக்கொடி டாக்டருக்குப் போன் செய்தாள். உப்பை நிறுத்திவிட்டு ஒரு மாதம் பார்க்கலாம், கட்டில் இருக்கட்டும் என்று டாக்டர் சொன்னார். சீட்டை உள்ளே வைத்தாள்.

"அப்ப பவதாரிணி மேல நீங்க குடுத்த கம்ப்ளைண்ட்டு?" என்று கேட்டாள்.

"அது வேற மேடம். என்னையக் கேக்காம மாத்துனது தப்புத்தான."

ஜெயக்கொடி சரி என்றாள். விசாரணைக்கு அடுத்த வாரம் ஆபீசர் வருவார், தேவைப்பட்டால் கூப்பிடுவோம் என்றாள்.

வாசலில் ஒரு மருந்துக் கடையில் கைக்குத் தடவ ஒரு டியூப் மருந்து வாங்கினார்கள். திரும்பும் பஸ்ஸில் கூட்டம் இல்லை. ரெங்கம்மாள் வேறு ஸீட்டில் உட்கார்ந்தாள். வீட்டுக்கு வந்ததும் சோறு வடித்தாள், காயை வேகவைத்தாள். தண்ணீரைக் கொட்டும்போது அவரைக் கூப்பிடவில்லை. அவர் எழுந்து போய்ப் பார்க்கவும் இல்லை. சாயங்காலம் அழகுராஜா போன் செய்தான். அவள் வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தாள். வெள்ளிக்கிழமை அவருக்கு முதல் ஷிப்ட்டு. ஊசி போடுவது சிவனாண்டிதான் என்று ஜெயக்கொடி சொல்லி அனுப்பியிருந்தாள்.